அறையில் இருந்தோர் எண்ணிக்கை

டிங்.

அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு ஆள் நிதானமாக வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரம். மறுபடியும், டிங்.

கதவு சாத்தியிருந்தது. சுடலைமணி வராந்தாவிலேயே நின்று கேட்டார். பாத்திரம் உருளும் சத்தம் இல்லை. யாரோ அடித்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

திறந்தார். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி எவர்சில்வர் கிண்ணத்தின் விளிம்பை ஸ்பூனால் அடித்துக்கொண்டிருந்தாள். பெயர் பிரிசில்லா. பேச்சு வராது. அவர் வந்ததைப் பார்த்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் மூலை நாற்காலியில் உட்கார்ந்து நீல நோட்டைத் திறந்தார்.

சுடலைமணிக்கு நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். முழங்கால் தேய்ந்து வண்டியை விட்டு இறங்கியவர், சிறப்புக் கல்வியும் உளவியலும் ஒன்றாய்ச் சேர்ந்த பட்டப்படிப்பில் ஏறினார். ஒரே பட்டம், இரண்டு துறை. காலையில் உளவியல் துறை, தொடாமல் பார் என்றது. மதியம் கல்வித் துறை, பார்த்துக்கொண்டு நிற்காதே, சொல்லிக்கொடு என்றது. பார்ப்பதற்கு நீல நோட்டு. சொல்லிக்கொடுப்பதற்குப் பச்சை நோட்டு. கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் அண்ணாச்சி. களப்பயிற்சிக்கு வந்த இந்தச் சிறப்புப் பள்ளியிலும் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

நீல நோட்டில் செய்யவேண்டியது எளிது. பிரிசில்லா எத்தனை முறை அடிக்கிறாள் என்று, தினம் இருபது நிமிஷம், மூன்று நாள் எண்ண வேண்டும். அவளிடம் பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. பதில் ஏதும் தரக் கூடாது. தந்தால் மூன்று நாள் பதிவும் செல்லாது.

ஒவ்வொரு டிங்குக்கும் அவர் ஒரு கோடு போட்டார். கோடு போட்ட கையோடு பேனா அட்டையில் ஒரு தரம் தட்டி நிற்கும். டிக்கெட் கிழித்த காலத்துப் பழக்கம். அது அவருக்கே தெரியாது.

முதல் நாள் முப்பத்தெட்டு. மறுநாள் நாற்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை பள்ளியில் கூட்டம். அவர் பதிவைப் பார்த்துத்தான் பிரிசில்லாவைப் பற்றி முடிவு செய்வார்கள். பொருளில்லாமல் திரும்பத் திரும்பச் செய்கிறாள் என்று ஆகிவிட்டால் வகுப்பிலிருந்து எடுத்துப் பராமரிப்புப் பிரிவில் விடுவார்கள். அங்கே சோறு உண்டு. பாய் உண்டு. பாடம் கிடையாது. காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போன தாய் வாசலில் அவரிடம் ஒன்றுதான் கேட்டாள். "சார், பாப்பாவுக்கு பெஞ்சு இருக்கும்லா?"

அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது அந்த வாரம் அவருக்குப் பழகியிருந்தது.

பக்கத்து அறையில் ஜுலைகா டீச்சர் உப்புத்தாளில் எழுத்துகள் வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணால் படிக்க முடியாத பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கிற எழுத்துகள். சுடலைமணியைவிடப் பதிமூன்று வயது இளையவர். பயிற்சியில் சுடலைமணிக்கு ஆசிரியர் இந்த டீச்சர்தான்.

"வாங்க அண்ணாச்சி. இன்னிக்கு எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"நேத்து?"

"முப்பத்தெட்டு."

"கூடியிருக்கே."

"கூடியிருக்கு. ஏன்னுதான் தெரியலை."

கத்தரிக்கோல் கர்ரென்று உப்புத்தாளில் ஓடியது.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர்."

"கேளுங்க."

"பாக்கிறவன் தொடக் கூடாதுங்காங்க. தொடாம எப்படிச் சொல்லிக்கொடுக்க? சொல்லிக்கொடுக்கப் போனா அப்புறம் எங்கெ பாக்க? ஒரே ஆளு ரெண்டுமா எப்படி இருக்க முடியும்? கண்டக்டரும் டிரைவரும் ஒரே ஆளா இருந்தா வண்டி எங்கெ போய் நிக்கும்?"

டீச்சர் கத்தரிக்கோலை அவர் பக்கம் நீட்டினார்.

சுடலைமணி அதையே பார்த்தார். முகம் மலர்ந்தது. "புரிஞ்சுட்டு. ரெண்டு அலகும் சேர்ந்தாத்தான் வெட்டும்ங்கீங்க."

"இல்ல. கை வலிக்கு. அந்த 'ழ'வை நீங்க வெட்டுங்க."

அவர் வெட்டினார். டீச்சர் நீல நோட்டை எடுத்துப் புரட்டினார். கோடுகள் ஐந்தைந்தாய்க் கட்டுக் கட்டாக நின்றன. தலைப்பில் அச்சடித்த கட்டங்கள். தேதி. நேரம். அறையில் இருந்தோர் எண்ணிக்கை.

"ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. யாரு அது?"

"பிரிசில்லா."

"நீங்க?"

"நான் எண்ணுதவன்லா டீச்சர். சுவரு மாதிரி இருக்கணும்னு பேராசிரியர் சொல்லியிருக்காரு. சுவரை யாரு எண்ணுவா?"

"பஸ்லயும் அப்படித்தானா?"

"கண்டக்டரை எந்தக் கண்டக்டர் எண்ணியிருக்கான்? செக்கிங் ஏறினாக்கூட என்னைத் தாண்டித்தான் எண்ணிக்கிட்டுப் போவான்."

டீச்சர் சிரித்தார். நோட்டை மூடினார்.

"அந்தப் பச்சை நோட்டையும் இங்க வையுங்க. பேனாவையும். போய் அவ எதிர்ல உட்காருங்க."

கத்தரிக்கோல் நின்றது. 'ழ'வின் வால் மட்டும் பாக்கி.

"போய் என்ன செய்ய?"

"உட்காருங்க."

"டீச்சர், நாளைக்கு ஒரு நாள் பாக்கி இருக்கு. நடுவுல ஏதாவது ஆச்சுன்னா அம்புட்டும் செல்லாது. இந்தப் பதிவுதான் எனக்குப் பரீட்சைத் தாள், அதை அடுத்த வருஷம் முதல்ல இருந்து எழுதணும்."

"உட்காரத்தானே சொன்னேன்? வேற ஏதும் சொல்லலையே."

"எம்புட்டு நேரம்?"

"அவ போதும்ங்கிற வரைக்கும்."

"அவதான் பேச மாட்டாளே."

"ஆமா," என்றார் டீச்சர்.

சுடலைமணி போனார். மூலை நாற்காலியை இழுத்து மேஜைக்கு இந்தப் பக்கம் போட்டார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். சுவராகவே இருப்பது என்று தீர்மானம்.

டிங்.

கோடு போட நோட்டு இல்லை. மனதில் ஒன்று என்று வைத்துக்கொண்டார்.

இரண்டாவது வரவில்லை. ஸ்பூன் கிண்ணத்துக்கு மேலே அப்படியே நின்றது. கடிகாரத்தில் ஒரு நிமிஷம் முழுசாகப் போனது. அப்புறம் டிங். மறுபடி அதே காத்திருப்பு.

அவருக்கு ஆச்சரியம். எண்ணும்போதென்றால் இந்நேரம் நாலைந்து ஆகியிருக்கும்.

மூன்றாவது முறை அடித்துவிட்டு அவள் தலையைச் சாய்த்தாள். மேஜைக்கு அடியில் குனிந்தாள். அவர் முகத்தைத் தேடவில்லை. வலது கையைத் தேடினாள்.

சுடலைமணி கையை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டிங்.

அவள் கண் அவர் விரலில் இருந்தது.

தன் விரலை அவரும் பார்த்தார். பேனா இல்லாமலே ஆள்காட்டி விரல் மடிந்து, தட்டப்போவது போல நின்றது. தானாக. பதினெட்டு வருஷமாக எதையாவது தட்டிக்கொண்டே இருந்த விரல்.

வராந்தாவில் முதல் நாள் கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. அப்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி. தான் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அது குறைந்துபோயிருக்கிறது.

விரலை மேஜைமேல் இறக்குவதற்கு முன் அவர் அந்தத் தாளை நினைத்தார். அடுத்த வருஷத்தை நினைத்தார். வகுப்பில் தன் வயதில் பாதியே ஆன பிள்ளைகள், என்ன அண்ணாச்சி திரும்பவும் நீங்களா என்று கேட்பதையும் நினைத்தார்.

ஸ்பூன் இன்னும் அந்தரத்தில் நின்றது. எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிப்பாள்?

டக்.

டிங், என்றாள் உடனே.

டக்.

டிங்.

பழக்கம் கைக்கு வந்தது. டக் டக், என்றார். இரண்டு விசில் அடித்தால் வண்டி கிளம்பும். அவள் டிங் டிங் என்றாள். ஒரு டக் வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டார். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும். அவள் பதிலுக்கு அடிக்கவில்லை. அவர் கையைப் பார்த்துவிட்டு, தன் ஸ்பூனையும் அதே உயரத்துக்குத் தூக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் இருவர் கையும் அந்தரத்தில் இருந்தன.

பிறகு அவளாகவே டிங் டிங் என்றாள். இவர் கிளம்பினார். டக் டக் டக் டக். நடுவில் அவள் ஒரே ஒரு டிங் வைத்தாள். இவர் நின்றார்.

பிரிசில்லாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரி இருந்தது. சிரிப்பேதானா என்று அவரால் சொல்ல முடியவில்லை. மறுபடி இரண்டு அடித்து அவரைக் கிளப்பினாள், ஒன்று அடித்து நிறுத்தினாள். நாலு தடவை. ஐந்தாவது தடவை ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் போட்டு, கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போதும் என்று அர்த்தம். அது அவருக்குப் புரிந்தது.

அவர் திரும்பி வந்தபோது டீச்சர் அட்டைகளில் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் கோடு போட்டதுக்கு அவ பதில் சொல்லியிருக்கா. நான் எண்ண எண்ண அவ அடிச்சிருக்கா."

"அப்படியா?"

"அப்படித்தான்னு நினைக்கேன். இல்ல, சும்மா விளையாட்டா?"

"எனக்குத் தெரியலையே அண்ணாச்சி."

"வண்டியில பதினெட்டு வருஷம் நான்தான் விசில் அடிச்சேன். இன்னிக்கு அவ அடிச்சா, நான் ஓட்டினேன். யாரு சொல்லிக்கொடுத்தா, யாரு படிச்சான்னே தெரியலை." அவர் இரண்டு நோட்டையும் கையில் எடுத்தார். ஒன்றை வைத்தார். அதை எடுத்து மற்றதை வைத்தார். "இதை நான் எதுல எழுத? நீலத்துலயா, பச்சையிலயா?"

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு நீல நோட்டைத் திறந்தார். கோடுகள் பக்கம் போகவில்லை. மேலே இருந்த கட்டத்தில் விரல் வைத்தார்.

"முதல்ல இதைத் திருத்துங்க."

சுடலைமணி அந்த ஒன்றைப் பார்த்தார். அவர் எழுத்துத்தான்.

"திருத்தினா எண்ணினது அம்புட்டும் போச்சு டீச்சர்."

"ஆமா."

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல காட்ட ஒண்ணும் இருக்காது."

"இருக்காது. அவ பொருளில்லாம அடிக்கான்னு முடிவு கட்டவும் ஒண்ணும் இருக்காது."

"அடுத்த வருஷமும் நான் இங்கதான் வரணும்."

"வாங்க," என்றார் டீச்சர்.

அவர் பேனாவைத் திறந்தார். ஒன்றை அடித்து, பக்கத்தில் இரண்டு என்று எழுதினார். எழுதிய கையோடு பேனா ஒரு தரம் அட்டையில் தட்டியது. இந்த முறை அந்தச் சத்தம் அவருக்கே கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம், டிங்.



மேஜைமேல் 'ழ' பாதியில் கிடந்தது. சுடலைமணி கத்தரிக்கோலை எடுத்து, வால் பக்கம் வெட்டத் தொடங்கினார்.