மாடத்தி விழுந்த வளைவு

தாமரைக் குளத்துக் காட்டில் சுழியன் என்று ஒரு குரங்கு இருந்தான். பன்றிச் சவாரியில் அவனை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. கடம்பன் என்ற காட்டுப்பன்றியின் முதுகில் ஏறி, கடிவாளமாகக் கழுத்தில் கட்டிய காட்டுக்கொடியை ஒரு சுண்டு சுண்டினான் என்றால் போச்சு, மற்றவர்கள் புழுதியைத்தான் பார்க்க வேண்டும். மழை பெய்து தடமெல்லாம் வழுக்கினாலும் அவன் வழுக்க மாட்டான்.

வயசாகி, இனிச் சவாரி போதும் என்று அவன் கொடியை அவிழ்த்த அன்று காடே குளக்கரையில் கூடியது. இவ்வளவு காலம் ஓட்டியவனுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? குளத்தோரம் தடம் திரும்புகிற இடத்துக்கு அவன் பேரை வைப்பது என்று யானையார் முடிவு செய்திருந்தார்.

அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒரு பேர் உண்டு. 'மாடத்தி விழுந்த வளைவு.' மாடத்தி ஒரு கருங்குரங்கு. சுழியனுக்குச் சரிக்குச் சரியாக ஓட்டியவள் அவள் ஒருத்திதான். ஒரு பெரிய சவாரியில் முன்னால் போய்க்கொண்டிருந்தவள், அந்த வளைவில் கொடியைக் கைநழுவ விட்டுக் குளத்துச் சேற்றில் விழுந்தாள். சுழியன் ஜெயித்து முதல் பட்டம் வாங்கினான். அவள் அன்றோடு சவாரியை விட்டாள். காடு சும்மா இருக்குமா? அன்றிலிருந்து யார் கால் இடறினாலும், "மாடத்தி போட்டுட்டான்டா" என்று சொல்லிச் சிரிப்பதே வழக்கமாகிவிட்டது.

"சுழியன் எப்பேர்ப்பட்டவன்? அவரவர் மனசில் பட்டதைச் சொல்லுங்கள்," என்றார் யானையார்.

"மழையில ஓட்டினான் பாருங்க, அந்தக் கை வேற யாருக்கு வரும்?" என்றது மயில்.

"கை சரி. குணம்? பின்னால வர்றவன் வழி கேட்டா விடவே மாட்டான்," என்றது கரடி.

"வழி விட்டா எப்படி ஜெயிக்கிறது?" என்றது நரி. எல்லோரும் சிரித்தார்கள். சுழியனும் சிரித்தான்.

"கூட ஓட்டினவ மாடத்தி. அவ என்ன சொல்றா?" என்று கேட்டார் யானையார்.

சுழியன் சிரிப்பதை நிறுத்தினான். அன்றைக்கு அந்த வளைவில், மாடத்தியின் கொடி நுனி பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்த சுழியன் அதை எட்டிப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டான். புழுதியில் யாருக்கும் தெரியவில்லை, கடம்பனைத் தவிர.

மாடத்தி எழுந்தாள். மனசில் கிடக்கிற கோபத்தையெல்லாம் கொட்டப்போகிறாள் என்று சுழியன் காத்திருந்தான். கொட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"சுழியன் அண்ணன் மாதிரி ஓட்ட யாராலும் முடியாதுங்க. அன்னைக்கு என் கைதான் என்னை ஏமாத்திடுச்சு. அப்புறம் இந்தக் கையை நான் நம்பவே இல்லை. பெத்த குட்டிகளைக்கூடச் சுமந்துக்கிட்டு ஒரு கிளை தாவினதில்லை. எங்கே கீழே போட்டுடுவேனோன்னு பயம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மயில் மாலையை எடுத்துக்கொண்டு வந்தது. சுழியனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கழுத்தை நீட்ட முடியவில்லை.

"வாங்கிக்கோ," என்று கடம்பன் காதோடு சொன்னது. "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். இத்தனை காலம் விட்டேனா?"

அதைக் கேட்டதும் அவனுக்கு இன்னும் அவமானமாகிப்போனது. தான் செய்த அசிங்கத்தை இந்தப் பாவப்பட்ட பன்றியும் சேர்ந்தல்லவா சுமந்திருக்கிறது!

"மாலை வேண்டாம். மாடத்தி, உன் கை விடலைம்மா. கொடியை நான்தான் இழுத்தேன்."

மாடத்தி கத்தவில்லை, அழவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றாள். அவ்வளவுதான். சுழியன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மண்ணைப் பார்த்தான்.

யானையார் சுழியன் பக்கம் திரும்பினார். "மழையில ஜெயிச்சதெல்லாம் நீ ஜெயிச்சதுதான். அதை யாரும் பிடுங்கலை. ஆனா இதுவும் நீ செஞ்சதுதான். வளைவுக்கு உன் பேர்னு சொன்னேன். சொன்னதை மாத்த மாட்டேன்."

இப்போது அந்த இடத்துக்குப் பேர் 'சுழியன் இழுத்த வளைவு.' விளையாட்டில் ஒரு குட்டி இன்னொன்றின் வாலை இழுத்தால், "சுழியன் போடாதே" என்று திட்டுகிறார்கள். அது காதில் விழும்போதெல்லாம் கிழவன் தலையைக் குனிந்துகொள்வான். ஆனாலும் தினமும் குளக்கரைக்கு வந்துவிடுவான். எதிர்க்கரையில் மாடத்தி, பேரக்குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருப்பாள்.

தான் செய்த தப்பை அடுத்தவர் பேரில் விட்டுவைத்தவன், எத்தனை ஜெயித்தாலும் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.