மாத்திரை நேரம்

"சட்டப்படி அந்தச் செயலியில ஒரு ஓட்டையும் இல்ல டீச்சர். எல்லாத்தையும் பார்த்துதான் ஒப்புதல் கொடுத்தேன். அப்புறம் ஏன் அந்தப் பொண்ணு வர மாட்டேங்குறா?"

டாக்டர் வைரவன் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி கேட்டார்.

அவர் நரம்பு டாக்டர். நோயாளிகளுக்கு எந்தச் செல்போன் செயலியைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று சோதித்துச் சொல்லும் குழுவுக்குத் தலைவர்.

அவர் டீச்சர் என்று கூப்பிட்ட ரெஜினா அவரைவிட ரொம்பச் சின்னவர். பெரியாஸ்பத்திரியில் மருத்துவ அறம் சொல்லிக்கொடுக்கிறார். ஐம்பதைத் தாண்டிய பிறகு, தன் மாணவர்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் பாடம் கேட்டவர் வைரவன்.

ரெஜினாவுக்கு மாடியில் அறை உண்டு. ஆனால் காலை வேளையில் மருந்து வாங்கும் கூடத்தில், கூட்டத்தோடு கூட்டமாகத்தான் உட்கார்ந்திருப்பார். கேள்வி உள்ளவர்கள் அங்கே வர வேண்டியதுதான்.

"எந்தப் பொண்ணு சார்?"

"இசக்கியம்மாள். பனியன் கம்பெனியில தைக்கிறா, அங்கேயே ஹாஸ்டல்ல தங்கல். வலிப்பு. ஒழுங்கா மாத்திரை போட்டா ஒண்ணும் வராது. நேரத்துக்கு ஞாபகப்படுத்தட்டும்னு செயலியைப் போட்டுக் கொடுத்தேன்."

"செயலி சரியில்லையா?"

"சரியில்லையாவா? தகவல் வெளிய போகாது, பூட்டு மேல பூட்டு. ஒப்புதல் கேக்குறது நல்ல தமிழ்ல. மருந்து அளவை நாங்களே சரிபார்த்தோம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. வேறென்ன வேணும்?"

"வேறென்ன வேணும்," என்றார் ரெஜினாவும்.

"இன்னொண்ணு கேளுங்க. முதல்ல அது எழுத்துல மட்டும்தான் காட்டுச்சு. படிக்கத் தெரியாதவங்க என்ன செய்வாங்கன்னு கேட்டது நான்தான். அதுக்கப்புறம்தான் குரல் சேர்த்தாங்க. கூட்டத்துல எல்லாரும் கைதட்டினாங்க."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு நிமிர்ந்தது.

கைதட்டிய எல்லோருக்கும் வீட்டில் தனி அறை உண்டு. அந்தக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

"இசக்கியம்மாளுக்குப் படிக்கத் தெரியாதா?"

"பன்னெண்டாவது முடிச்சவ."



"சரி. என்ன ஆச்சு?"

"சாப்பாட்டு நேரம். ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் வரிசையா உக்காந்திருக்காங்க. இவ கை கழுவப் போயிருக்கா. போன் தட்டுக்குப் பக்கத்துல. அது பேசிருச்சு."

"என்னன்னு?"

"'இசக்கியம்மாள், வலிப்பு மாத்திரை போடும் நேரம்'னு. அவ ஓடிவந்து அமத்துற வரைக்கும், திரும்பத் திரும்ப."

வைரவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார்.

"படுக்கப் போனா, தலைமாட்டுல ஒருத்தி சாவிக்கொத்தைக் கொண்டுவந்து வச்சிருக்கா. வலிப்பு வந்தா கையில பிடிச்சுக்கோன்னு. விளையாட்டுக்காம். இன்னொருத்தி பாயைத் தள்ளிப் போட்டுக்கிட்டா. மறுநாள் சூப்பர்வைசர் மெஷின் பக்கமே வராதேன்னுட்டார்."

"அப்புறம்?"

"எனக்கு ஒரு நோயும் இல்ல, பாத்துக்குங்கன்னு எல்லார் முன்னாடியும் மாத்திரையைக் குப்பையில கொட்டிட்டு ஊருக்குப் போயிட்டா. நர்ஸ் கூப்பிட்டா கட் பண்றா. திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும் டீச்சர். அடுப்பு முன்னாடி நிப்பா. கிணத்துல தண்ணி இறைப்பா."



"தப்பு யார் மேல?"

"அந்தப் பொண்ணுங்க மேல. வலிப்பு ஒட்டிக்குமா என்ன? எல்லாம் பள்ளிக்கூடம் போனதுங்கதானே."

"அவங்க தப்புதான். ஆனா நீங்க ஒப்புதல் கொடுத்தது அவங்களுக்கு இல்லையே சார், செயலிக்குத்தானே."

"இசக்கியம்மாளும்தான் ஒப்புதல் கொடுத்தா. 'ஒப்புக்கொள்கிறேன்'னு அவளேதான் அழுத்தினா."

அதை அழுத்தாவிட்டால் செயலி திறக்காது. அதற்குப் பெயர் ஒப்புதல்.

"அழுத்துறதுக்கு முன்னாடி, பின்னாடி, அவ ஏதாவது கேட்டாளா?"

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே. நான் எதைப் பார்க்காம விட்டேன் டீச்சர்? அதைச் சொல்லுங்க. அவளை எப்படித் திரும்ப மருந்துக்கு வரவைக்கிறதுன்னு சொல்லுங்க."

ரெஜினா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

வைரவனும் தினம் ஒரு மாத்திரை போடுகிறார். மனைவி இறந்ததிலிருந்து, மனச்சோர்வுக்கு. அந்த ஆஸ்பத்திரியில் அது தெரிந்த ஒரே ஆள் ரெஜினா.

ரெஜினா எழுந்து நின்றார்.

"டாக்டர் வைரவன்."

வகுப்பின் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற குரல். டோக்கனோடு வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். மருந்து கொடுப்பவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கூடத்தைக் கடந்துபோன மாணவர்கள் சிலர் நின்றுவிட்டார்கள்.

"மணி பத்தாச்சு. நீங்க போட வேண்டிய..."

வைரவன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் டீச்சர்."

ரெஜினா நிறுத்தினார். உட்கார்ந்தார். கூட்டம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பியது.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே சார்," என்றார் ரெஜினா, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வைரவன் பிடியை விடவில்லை. 

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. யாருடைய குழந்தையோ அழுது ஓய்ந்தது.

"கேட்டா, டீச்சர்."

"யாரு?"

"இசக்கியம்மாள். போனை வாங்கிக்கிட்டுக் கதவு வரைக்கும் போனவ, திரும்பி வந்து ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டா?"

"'இது சத்தமாப் பேசுமா சார்?'னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

வைரவன் மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்.

"'நல்லாச் சத்தமாப் பேசும்மா, கவலையே படாதே'ன்னு சொன்னேன்."