தெளிந்த ரசமும் பொட்டு வைத்த முட்டையும்

ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடியும் ஒன்றாகச் சேருகிற இடத்தில் ஒரு காடு இருந்தது, பிள்ளைகளே. அங்கே கோரையன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் யாராவது ‘ஆகா!’ என்று சொல்லிவிட்டால் போதும், முதுகு முள்ளெல்லாம் பெருமையில் எழுந்து நிற்கும்.

ஒவ்வொரு வருஷமும் முதல் மழை ஓய்ந்ததும் அந்தக் காட்டில் ஒரு விருந்து நடக்கும். புல் தின்பவர்கள், கிழங்கு தோண்டுபவர்கள், விதை கொறிப்பவர்கள் எல்லாரும் மருத மரத்தடியில் கூடுவார்கள். அன்றைக்குத் திராட்சை ரசம்தான் விசேஷம். காட்டுத் திராட்சையைப் பிழிந்து, பானையில் மூடிவைத்து, பல நாள் நுரைத்துப் பொங்கி அடங்கிய பிறகு எடுக்கிற ரசம் அது.

குடிப்பதற்கு முன்னால் விருந்து வைப்பவர் எல்லார் முன்னாலும் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். “இதுக்குள்ள பழத்தைத் தவிர வேற எதுவும் இல்லை” என்பதுதான் அந்த வாக்கு. அதை நம்பித்தான் எல்லாரும் குவளையைத் தொடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வம்பு அதில்தான் வந்தது. மூங்கில் குவளையின் அடியில் ஒரு சிவப்பு மஞ்சாடி விதையைப் போட்டு, அதன்மேல் ரசத்தை ஊற்றுவார்கள். விதை பளிச்சென்று தெரிந்தால் “இதல்லவா விருந்து!” என்பார்கள். தெரியாவிட்டால் அடுத்த மழைவரை கேலி செய்வார்கள்.

அந்த வருஷம் விருந்து வைக்கும் முறை கோரையனுடையது.

முதலில் அவன் போனது தன் தோழி செம்பியிடம். செம்பி ஒரு கௌதாரி. புதரடியில் கூடு கட்டி நாலு முட்டை இட்டிருந்தாள். ஒரு முட்டையின் முனையில் மட்டும் கரும்பொட்டு ஒன்று இருந்தது. அதற்குப் ‘பொட்டுக்காரி’ என்று பேர்கூட வைத்திருந்தாள். கோரையன் தினமும் அந்தப் பக்கம் வந்து, “பொட்டுக்காரி சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

ஆனால் ஆறு நாளைக்கு முன்னால் செம்பி இரை தேடிவிட்டுத் திரும்பியபோது கூடு காலியாகக் கிடந்தது. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

“விருந்துக்கு வா செம்பி. முதல் குவளை உனக்குத்தான்” என்றான் கோரையன்.

“எனக்கு எதுவுமே தொண்டையில இறங்கலை, அண்ணே.”

“எனக்காக வா.”

செம்பி காலியான கூட்டை ஒருமுறை பார்த்தாள். “சரி. உன் வாக்கை நம்பி வரேன்” என்றாள்.

கோரையன் அடுத்து கரடியிடம் போனான். கரடி அவசரமே தெரியாதவர். அவருடைய பானையை எட்டிப் பார்த்தால் ரசம் கலங்கலாக இருந்தது.

“என்ன கரடியாரே, மழைத்தண்ணி கலந்துடுச்சா?”

“பழத்தோட மண்டிப்பா. தானா அடியில இறங்கணும். கொஞ்சம் வேகமா இறங்கட்டும்னு தேத்தாங்கொட்டையை உரசிப் போட்டிருக்கேன். கலங்கல் தண்ணியைத் தெளிய வைக்குமே, அதே கொட்டைதான். இன்னும் பத்து நாள் பொறுத்தா கண்ணாடி மாதிரி ஆயிடும்.”

“விருந்துக்கு ரெண்டு நாள்தானே இருக்கு!”

“அப்போ கலங்கலாவே குடிங்க. ருசிக்கு ஒரு குறையும் இல்லை.”

கலங்கலாவா? விதை தெரியாதே! எல்லாரும் கெக்கெக்கே என்று சிரிப்பார்களே! கோரையன் நேராக நல்லமுத்துவின் வளைக்கு ஓடினான். நல்லமுத்து ஒரு நரி. பேரில் மட்டும்தான் நல்லவன்.

நரியின் பானையைப் பார்த்ததும் கோரையனின் வாயெல்லாம் பல். ரசம் அவ்வளவு தெளிவு. பானையின் அடிவரை தெரிந்தது.

“இதுக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டான்.

“திராட்சை” என்றது நரி.

“வேற?”

“வேற ஒண்ணுமே இல்லை. என் வால்மேல சத்தியம்.”

கோரையனுக்குப் பரம திருப்தி. ஒரு கூடை கிழங்கு தருவதாகப் பேசிவிட்டு, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

விருந்தன்று காலையில் பானையை வாங்க வந்தான். நரி உள்ளே பானையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. கோரையன் வளையின் பின்பக்கமாகச் சுற்றி வந்தான். அங்கே குப்பையில் முட்டை ஓடுகள் கிடந்தன. ஒரு ஓட்டின் முனையில் கரும்பொட்டு இருந்தது.

அவன் அதைச் சட்டென்று கையில் எடுத்தான்.

“நல்லமுத்து! இது பொட்டுக்காரி!”

நரி நிதானமாக வெளியே வந்தது. “யாரு? ஓ, அந்த முட்டையா? மஞ்சக்கருவை நான் தின்னேன். வெள்ளைக்கருவை எதுக்கு வீணாக்கணும்னு நல்லா அடிச்சு உன் ரசத்துல ஊத்தினேன். பானையில இருந்த மண்டியை எல்லாம் இழுத்துக்கிட்டு அது அடியில போய் உட்கார்ந்துடுச்சு. மேல நின்ன தெளிவை மட்டும் இறுத்து எடுத்தேன். இல்லேன்னா இவ்வளவு பளபளப்பு எங்கேர்ந்து வரும்?”

“திராட்சையைத் தவிர ஒண்ணுமே இல்லைன்னு சத்தியம் பண்ணினியே!”

“இப்பவும் பண்றேன். முட்டை மண்டியோட போயிடுச்சு. இதுக்குள்ள ஒரு சொட்டு கிடையாது. உள்ள என்ன இருக்குன்னு கேட்டே, சொன்னேன். எப்படித் தெளிய வச்சேன்னு நீ கேட்கவே இல்லையே?”

கோரையன் கையிலிருந்த ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கேட்கவில்லைதான். பானையின் பளபளப்பைப் பார்த்து அதற்குமேல் கேட்காமல் விட்டுவிட்டான்.

நரி பானையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. “அங்கே எல்லாரும் காத்திருக்காங்க, வா. நீ சொல்லப்போற வாக்குல பொய்யே இல்லை. யாருக்குத் தெரியப்போகுது?”

மருத மரத்தடியில் மான், முயல், அணில் என்று காடே கூடியிருந்தது. கரடியும் தன் கலங்கல் பானையோடு ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நரி முதல் குவளையில் ரசத்தை ஊற்றியது. அடியில் மஞ்சாடி விதை சிவப்பாகத் தெரிந்தது. “ஆகா!” என்று எல்லாரும் கத்தினார்கள். அந்த ஒரு ‘ஆகா’வுக்காகத்தான் கோரையன் இவ்வளவும் செய்தான். இப்போது ஒரு முள்கூட எழவில்லை.

செம்பி வாக்கைக் கேட்பதற்காக முன்னால் வந்து நின்றாள். எட்டு நாளில் பாதியாக இளைத்திருந்தாள்.

“இதுக்குள்ள...” என்று ஆரம்பித்தான் கோரையன். “இதுக்குள்ள பழத்தைத் தவிர...”

பொய் இல்லைதான். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் செம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

குவளையைத் தரையில் கவிழ்த்தான்.

“குடிக்காதே, செம்பி. இதுக்குள்ள பழம் மட்டும்தான் இருக்கு. ஆனா இதைத் தெளிய வச்சது உன்னோட பொட்டுக்காரி. நல்லமுத்து எப்படிச் செஞ்சான்னு நான் கேட்கலை. பளபளப்பைப் பார்த்து மயங்கிட்டேன். தப்பு என்னோடது.”

பையில் கொண்டுவந்திருந்த ஓட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

செம்பி அந்த ஓட்டைச் சிறகுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு அழுதாள். மான்கள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நரியைப் பார்த்து இரண்டடி எடுத்து வைத்தன. நரி, “சட்டப்படி பார்த்தா...” என்று வாயைத் திறந்தது. மூன்றாவது அடிக்கு அது அங்கே இல்லை.

விருந்து அதோடு முடிந்தது என்றுதான் கோரையன் நினைத்தான். ஆனால் செம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு கரடியிடம் போனாள்.

“கரடியாரே, உங்க ரசத்துல என்ன இருக்கு?”

“திராட்சைம்மா.”

“எப்படித் தெளிய வைக்கிறீங்க?”

“தேத்தாங்கொட்டை. அப்புறம் பொறுமை. அதுவும் இன்னும் முழுசாத் தெளியலை.”

செம்பி ஒரு குவளை கலங்கல் ரசத்தை வாங்கிக் குடித்தாள். எட்டு நாளில் முதல்முறையாக அவள் தொண்டையில் ஏதோ இறங்கியது. கடைசிச் சொட்டும் முடிந்த பிறகுதான் அடியிலிருந்த சிவப்பு விதை தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் குவளையை நீட்டினார்கள்.

அன்றிலிருந்து அந்தக் காட்டின் வாக்கில் இன்னும் ஒரு வரி சேர்ந்துகொண்டது. ‘இதைச் செய்யறதுக்காகவும் எந்த உயிரும் நோகலை’ என்பதையும் சொன்னால்தான் குவளையைத் தொடுவார்கள்.

செம்பி மறுபடியும் முட்டையிட்டபோது அவள் கூட்டைச் சுற்றி ஒரு முள்வேலி நின்றது. நல்லமுத்து அந்த வழியாக ஒரு நாள் வந்தான். வேலி சிலிர்த்துக்கொண்டு உறுமியதும் வந்த வழியே ஓடிவிட்டான்.

நாலு குஞ்சுகளும் பொரிந்து வெளியே வரும்வரை கோரையன் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

நீதி: ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது பாதிக் கேள்விதான், அது எப்படி உண்டானது என்றும் கேள்.