டைம் அவுட்டில் நுழையும் அக்காமார்

கூடைப்பந்தில் டைம் அவுட் என்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் பயிற்சியாளர் தன் அணியைக் கூப்பிட்டு, மூச்சு வாங்க விட்டு, ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். இசக்கியம்மாள் பயிற்சியாளராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. இதுவரை ஒரு டைம் அவுட்டில்கூட அவள் பேசியது கிடையாது. பேச இடம் கிடைத்தால்தானே.

பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கும் அந்தப் பெண்கள் கல்லூரியில் அப்படி ஒரு வழக்கம். கல்லூரி பனியனைப் போட்டு என்றைக்கோ ஆடியவர் யாராக இருந்தாலும் டைம் அவுட் வட்டத்துக்குள் நுழையலாம், யோசனை சொல்லலாம். முன்பு ஒரு போட்டியின்போது பழைய பயிற்சியாளர் தவமணி மிஸ்ஸுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த பழைய மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு, நீ சொல்லு என்று சைகை காட்டினார். மிஸ்ஸின் தொண்டை மறுநாளே சரியாகிவிட்டது. வழக்கம் மட்டும் சரியாகவில்லை.

மிஸ் ஓய்வு பெற்றுப் போன பிறகு கேட்கவே வேண்டாம். ஆட்டம் என்றால் அக்காமார் வந்துவிடுவார்கள். வங்கி மேலாளர் ஜெயசீலியக்கா கழுத்தில் அடையாள அட்டையோடு வருவார். சப்-இன்ஸ்பெக்டர் முப்பிடாதியக்கா காக்கி உடுப்போடு வருவார். மருந்துக்கடை மெகருன்னிசாக்கா கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு வருவார். மைதானத்து விளக்குகள் ஜெயசீலியக்கா போட்டுக் கொடுத்தவை. பனியன் மெகருன்னிசாக்கா எடுத்துத் தந்தது. வெளியூர்ப் போட்டிக்கு வேன் வருவது முப்பிடாதியக்கா ஒரு போன் போட்டால்தான். இசக்கியும் அந்த அணியில் ஆடியவள்தான் என்றாலும் அவர்களுக்கெல்லாம் கடைக்குட்டி. "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

போன வாரம் கோவில்பட்டி அணியோடு ஆட்டம். முடியும் நேரம், கோவில்பட்டிக்கு ஒரு புள்ளி முன்னிலை, டைம் அவுட். பிள்ளைகள் ஓடி வருவதற்குள் அக்காமார் ஓடி வந்துவிட்டார்கள்.

"பந்து கைக்கு வந்ததும் போட்டுரு, யோசிக்காத. மிஸ் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தாவ" என்றார் ஜெயசீலியக்கா.

"நாலு கை மாறாம எவளாவது போட்டீங்க, தொலைச்சிருவேன். இது மிஸ் சொன்னது" என்றார் முப்பிடாதியக்கா.

"பந்தையே பாக்காதீங்க. எதிராளி இடுப்பப் பாருங்க. மிஸ் எங்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னது" என்றார் மெகருன்னிசாக்கா.

வட்டத்துக்கு வெளியே இசக்கி எம்பி எம்பிப் பார்த்தாள். முப்பிடாதியக்காவின் காக்கி முதுகுதான் தெரிந்தது. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

வளையத்துக்கு நேர் கீழே கேப்டன் ஜெனோவாவின் கைக்குப் பந்து வந்தது. சும்மா தூக்கி வைத்தாலே விழுந்திருக்கும். முதலில் ஒரு அக்கா சொன்னது நினைவுக்கு வந்து கையை உயர்த்தினாள். உடனே அடுத்த அக்கா சொன்னது நினைவுக்கு வந்து இறக்கினாள். நாலு கையாவது மாறட்டும் என்று பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் எறிந்தாள். அந்தப் பிள்ளையோ எதிராளியின் இடுப்பைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பந்து அதன் தோளில் பட்டு வெளியே போனது. ஆட்டமும் அதோடு போனது.

அக்காமார் நேரே முதல்வர் அறைக்குப் போனார்கள்.

"பிள்ளைக தங்கமான பிள்ளைகம்மா. கோச்சுதான் சரியில்ல. டைம் அவுட்ல வாயே தொறக்க மாட்டேங்கா. சனிக்கிழமை மதுரைக்காரங்க கிட்டயும் தோத்தா வேற ஆளப் பாருங்க."

முதல்வர் இசக்கியைக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, இதைப் பக்குவமாகச் சொன்னார். இசக்கிக்கு அது தற்காலிக வேலை. ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் ஆசைப்பட்ட வேலை அது ஒன்றுதான். பந்துகள் வைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

குருவைத் தேடிப் போகிறவர்கள் காட்டுக்கும் மலைக்கும் போவார்கள். இசக்கி போனது மகாராஜ நகருக்கு. தவமணி மிஸ் காலை நீட்டி உட்கார்ந்து தொலைக்காட்சியில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், எல்லாரும் ஒங்க பேரச் சொல்லுதாவ. ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. பந்து வந்ததும் போட்டுரணும்னு ஜெயசீலியக்காட்ட சொன்னியளா?"

"சொன்னேன்."

"நாலு கை மாறாமப் போடக் கூடாதுன்னு முப்பிடாதியக்காட்ட?"

"சொன்னேன்."

"எதிராளி இடுப்பப் பாக்கணும்னு?"

"அதுவும் சொன்னேன். அந்த சிவப்பு டவுசர்க்காரி சும்மா கபடி பாடிக்கிட்டே நிக்கா பாரு. ஒருத்தரத் தொட மாட்டேங்கா."

"மிஸ்!"

மிஸ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை.

"ஜெயசீலி இருக்காளே, பந்து கைக்கு வந்தா கோயில் பிரசாதம் வாங்குன மாதிரி ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு நிப்பா. வளையத்த நிமிந்து பாக்கவே பயம். அவகிட்ட, போட்டுத் தொலையேன்ட்டின்னேன். முப்பிடாதிக்குப் பந்து கிடைச்சா கூட நாலு பேரு ஆடுதாவங்கதே மறந்துபோகும். மெகருன்னிசா எதிராளி பந்தக் காட்டி ஏமாத்தினா ஏமாந்துகிட்டே இருப்பா. அதான் இடுப்பப் பாக்கச் சொன்னேன். பந்த வச்சு ஏமாத்தலாம், இடுப்ப வச்சு எப்படி ஏமாத்த?"

இசக்கிக்கு உடம்பெல்லாம் லேசானது. எவ்வளவு சுலபம்! அவரவர் கோளாறுக்கு அவரவருக்குச் சொன்னது. அதை இவர்கள் ஊருக்கெல்லாம் ஊட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

"இத நீங்க வந்து அவ்வோகிட்ட சொல்லணும் மிஸ். நான் சொன்னா எடுபடாது."

"ஒன் பிள்ளைக எப்படி ஆடுதாவ?"

"நல்லா ஆடுதாவ மிஸ். மைதானத்துல ஒரு சத்தம் இருக்காது. எவளாவது பேசினா பத்து ரவுண்டு ஓட விட்டுருவேன். வாய மூடிக்கிட்டு ஆடணும்னு நீங்க எனக்குச் சொன்னியள்லா, அத அப்படியே பிடிச்சுக்கிட்டேன்."

"ஒரே பந்துக்கு ரெண்டு பேரு ஓடி மோதிக்கிடுதாவளா?"

"மோதுவாவ மிஸ். ஆனா சத்தமில்லாம மோதுவாவ."

இசக்கி கல்லூரியில் ஆடிய காலத்தில் வாய் மூடியதே கிடையாது. எதிரணிப் பெண்ணிடம் கம்மல் எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்துக்கொண்டே பந்தைப் பறிகொடுத்தவள். அதெல்லாம் மிஸ்ஸுக்கு ஞாபகம் இருந்தது. இசக்கிக்குத்தான் இல்லை.

"மத்தவங்களுக்குச் சொன்னதெல்லாம் அவங்கவங்களுக்கு. எனக்குச் சொன்னது மட்டும் எல்லாருக்கும் பொருந்தும், இல்லியா மிஸ்?" என்றாள்.

"சனிக்கிழமை வாரேன்" என்றார் மிஸ். சத்தத்தைக் கூட்டினார்.

சனிக்கிழமை மைதானம் நிறைந்துவிட்டது. மிஸ் குடையும் வேர்க்கடலைப் பொட்டலமுமாக வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். மதுரைப் பிள்ளைகள் உயரமாக இருந்தார்கள், வேகமாகவும் இருந்தார்கள். நம் பிள்ளைகள் வாயை இறுக்க மூடிக்கொண்டு ஆடினார்கள். ஒரே பந்துக்கு ரெண்டு பேர் ஓடினார்கள். ஒருவரும் ஓடாத பந்துகளும் உண்டு. இசக்கி ஆட்டத்தைப் பார்த்ததைவிடக் கடைசிப் படியைப் பார்த்ததுதான் அதிகம். மிஸ் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

முடிய ரெண்டு நிமிடம் இருக்கும்போது மூன்று புள்ளி பின்தங்கியிருந்தார்கள். இசக்கி டைம் அவுட் கேட்டாள். இந்த ஒரு நிமிடத்தைத் தொலைத்தால் வேலையும் தொலைந்தது.

அக்காமார் ஓடி வந்தார்கள். பின்னாலேயே மிஸ்ஸும் இறங்கி வந்தார். அவரைப் பார்த்ததும் வட்டம் தானாக விலகியது. ஜெயசீலியக்கா அடையாள அட்டையைச் சரி செய்துகொண்டார். முப்பிடாதியக்கா விறைப்பாக நின்றார்.

"இந்தக் காலேஜுல ஆடி முடிச்சவ எல்லாரும் வெளிய வாங்க" என்றார் மிஸ்.

"மிஸ், ஒரே ஒரு வார்த்தை..." என்றார் ஜெயசீலியக்கா.

"வெளிய."

ஊரே வழிவிடும் முப்பிடாதியக்கா வழிவிட்டு விலகினார். மெகருன்னிசாக்கா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். இசக்கிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் தன் சொந்த அணியின் வட்டத்துக்குள் கால் வைத்தாள். தொண்டையைச் செருமினாள்.

யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஒனக்குத் தனியாச் சொல்லணுமாட்டி?"

"மிஸ், நான் கோச்சு!"

"இந்தக் காலேஜுல ஆடுனியா இல்லியா?"

"ஆடுனேன்."

"முடிச்சியா?"

"முடிச்சேன்."

"அப்ப வா."

ஐந்து பிள்ளைகளும் தனியாக நின்றார்கள். பேருந்தைத் தவறவிட்டவர்கள் மாதிரி முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜெனோவா ஏதோ சொன்னாள். இன்னொருத்தி அதற்கு ஏதோ சொன்னாள். திடீரென்று ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி சிரித்தாள். வெளியே நாலு பயிற்சியாளர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்னத்தப் பேசுதாளுவ?" என்றார் முப்பிடாதியக்கா. விசாரணையில் இப்படி ஒன்றும் தெரியாமல் நின்று அவருக்குப் பழக்கமில்லை.

விசில் ஊதியது. உள்ளே போன பிள்ளைகள் போட்ட சத்தம் இருக்கிறதே, மீன் சந்தை தோற்றது.

"எனக்கு, எனக்கு!"

"பின்னால ஆளுட்டி, பின்னால!"

"நீ விடு, நான் எடுக்கேன்!"

மோதல் நின்றுபோனது. மதுரைப் பிள்ளைகள் பந்தைப் பார்ப்பதா சத்தத்தைக் கேட்பதா என்று திணறினார்கள். பேசினவர்களை எல்லாம் பத்து ரவுண்டு ஓட விடுவதற்கு இசக்கியின் வாய் பழக்கத்தில் திறந்தது. மிஸ் அவள் கையில் கடலையைத் திணித்தார். மென்றுகொண்டே பார்த்தாள். கடைசி விசில் ஊதும்போது பிள்ளைகள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். இசக்கி கத்திக்கொண்டே போய் முப்பிடாதியக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தொப்பி விழுந்தது. அக்கா கோபப்படவில்லை.

முதல்வர் வந்து இசக்கியின் கையைக் குலுக்கினார். "அடுத்த வருஷமும் நீதாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

அக்காமாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

"கடைசிப் பந்தப் பாத்தியளா? வந்ததும் போட்டா. நான் சொன்னதுதான்" என்றார் ஜெயசீலியக்கா.

"அதுக்கு முன்னால நாலு கை மாறுச்சு. எண்ணிப் பாத்தேன்" என்றார் முப்பிடாதியக்கா.

"அந்தப் பிள்ள இடுப்பப் பாத்துப் பறிச்ச பந்துதான அது?" என்றார் மெகருன்னிசாக்கா.

இசக்கி மிஸ்ஸிடம் வந்தாள். மிஸ் ஆட்டோவுக்குக் காத்திருந்தார்.

"பாருங்க மிஸ், ஆளாளுக்குத் தன்னாலதான் ஜெயிச்சுதுங்காவ. நெசமா யாரால மிஸ் ஜெயிச்சுது?"

அவள் எந்தப் பெயரை எதிர்பார்த்தாள் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"ஜெயிச்சவளப் போய்க் கேளு" என்றார் மிஸ்.

ஜெனோவா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"டைம் அவுட்ல என்னட்டி முடிவு பண்ணீங்க?"

ஜெனோவா தயங்கினாள். "திட்ட மாட்டீங்களே மேம்?"

"சொல்லு."

"அக்காமாரு சொன்னது, நீங்க சொன்னது, எதையுமே கேக்காம ஆடிப் பாப்போம்னு பேசிக்கிட்டோம் மேம். வாயத் தொறந்து ஆடுவோம், தோத்தா எல்லாரும் சேந்து ரவுண்டு ஓடிக்கிடுவோம்னு."

இசக்கி திட்டவில்லை. முகம் சூடாகி, பிறகு ஆறி, ஏனோ சிரிப்பும் வந்தது. திரும்பி வந்தபோது மிஸ் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னா?"

இசக்கி சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

மிஸ் கடலைத்தோலை மடியிலிருந்து தட்டிவிட்டார்.

"நல்ல பிள்ள. படிச்சு முடிச்சு வேலைக்குப் போவா. ஒரு நாள் இதே மைதானத்துக்கு மேட்ச் பாக்க வருவா. டைம் அவுட் விட்டதும் ஒன்னயத் தள்ளிக்கிட்டு உள்ள ஓடி வந்து என்ன சொல்லுவா தெரியுமா? 'யாரு பேச்சையும் கேக்காதீங்கட்டி, இசக்கி மேம் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தாவ'ம்பா."