படகுகள் ஏன் கரையேறின?

"கண்ணால பாத்து எழுதின ஓலையையே நம்ப மாட்டேங்கிறீங்களே, தாயே! இதுக்கு மேல நான் என்னதான் செய்ய?"

அம்பலவாணர் மூன்று ஓலைகளையும் பாறைமேல் போட்டார்.

சடைச்சியம்மை அவற்றை எடுக்கவில்லை. கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்பலவாணர் இலந்தைக்கோட்டைப் பாளையத்தின் தானாபதி. வேற்றூர்த் தூதர்களோடு பேசுவதும், ஒற்றர்கள் அனுப்பும் ஓலைகளைப் படித்துப் பாளையக்காரருக்குப் பொருள் சொல்வதும் அவர் வேலை. தலை முழுக்க நரைத்துவிட்டது. சடைச்சியம்மைக்கு அவருடைய கடைசி மகளின் வயதுகூட இருக்காது. இந்த மலைக்குகைக்கு வருமுன் எந்தக் கோட்டையில் என்னவாக இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. பாளையக்காரர் உத்தரவு என்பதால் சில வருஷமாக இந்த மலைக்கு ஏறிவந்து அவளிடம் ஓலை வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். எழுத்துத் தெரிந்த கிழவர் எழுத்துக் கற்கப் போகிறார் என்று ஊரில் சிரித்தார்கள்.

இன்று அவர் கற்க வரவில்லை. ஒரு தலையாட்டலை வாங்கிப் போக வந்தார்.

ஆற்றுக்கு அக்கரையில் ஊசிப்பாறைப் பாளையம். அங்கிருந்து ஒரு தூதன் பட்டும் பழமுமாகச் சமாதானம் பேச வந்திருந்தான். வேவு பார்த்தான் என்று வாசல் காவலர் அவனைக் கட்டிப்போட்டு விட்டார்கள். பொழுது சாய்ந்ததும் அவன் தலை அக்கரைக்குப் போகும். பின்னாலேயே படை போகும். எல்லாம் முடிவான பிறகு பாளையக்காரர்தான் கடைசி நேரத்தில் தயங்கினார்.

"எதுக்கும் அம்மை ஒரு தடவை ஓலையைப் பாக்கட்டும். அவ தலையாட்டினா சரி."

அம்பலவாணரின் மகன் ஆற்றங்கரைப் புறக்காவலில் இருந்தான். ஊசிப்பாறை முந்திக்கொண்டால் முதலில் விழுவது அவன்தான்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் சடைச்சியம்மை.

"போர் வருதுன்னு எழுதியிருக்கு."

"எந்த ஓலையில?"

"மூணுலயும்!"

"அந்தச் சொல்லைக் காட்டும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ஊசிப்பாறைக் கொல்லர்கள் எல்லாரும் கோட்டைக்குள் போய்விட்டார்கள். களத்து நெல் வீடுகளுக்குப் போகாமல் நேரே கோட்டைக்குப் போகிறது. அரண்மனைப் பெண்கள் மூடுபல்லக்கில் மலைக்குப் போனார்கள்.

"போர்ங்கிற சொல்லு வரலையே."

"வராது தாயே! நாமதான் ஊகிக்கணும். நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?"

"ஊகியும்."

"ஊகிச்சாச்சு. போர்!"

"தூதன்?"

"பேச்சுல நம்மளை மயக்கி உக்கார வைக்க வந்தவன்."

"அப்படியும் இருக்கலாம்."

"அப்போ தலையாட்டுங்க!"

அவள் முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். உமி பறந்து அவர் வேட்டியில் ஒட்டியது.

"நம்ம ஊர்ல அவங்க ஒற்றன் இருக்கானா?"

"இல்லாமலா? வளையல் விக்கிறவன் ஒருத்தன் சுத்துறான். அவனாத்தான் இருக்கும்."

அவள் எழுந்து குகைக்குள் போனாள். ஒரு வெற்று ஓலையும் எழுத்தாணியும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"இந்த மாசம் அந்த வளையல்காரன் எழுதியிருக்கக்கூடிய ஓலையை நீர் எழுதும்."

"தாயே, பொழுது போகுது. விளையாட இதுவா நேரம்?"

"எழுதினா சீக்கிரம் போகலாம்."

தலைவிதியே என்று அவர் எழுத்தாணியை எடுத்தார்.

"கீழ வாசல் மதிலை உசத்துறாங்க," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "மழையில இடிஞ்சு விழுந்ததால..."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது வளையல்காரனுக்குத் தெரியுமா?"

"அவன் வரும்போது பாதி கட்டியாச்சு. தெரியாது."

"அப்போ அதை எழுதாதீர்."

அவர் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு மேலே எழுதினார். புதுக் குதிரைகள் வந்து லாயம் நிறைந்துவிட்டது.

"பாளையக்காரர் மகளுக்குச் சீர்க் குதிரைங்க தாயே அது! கல்யாணம் வருதுல்ல?"

"குதிரை மேல எழுதி ஒட்டியிருக்கா?"

அந்நியர் யாரையும் சந்தைக்குள் விடுவதில்லை என்று எழுதினார். ஊரில் அம்மை நோய் பரவியிருந்ததால்தான் அப்படி, அதை எழுதவில்லை. ஆற்றுத்துறைப் படகுகள் அத்தனையும் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதினார். குங்கிலியம் காய்ச்சிப் பூசி ஓட்டை அடைக்கத்தான் கவிழ்த்தது. அதைச் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. இப்பவாவது தலையாட்டுவீங்களா?"

"வாசியும்."

வாசித்தார். முதல் வரியை எரிச்சலோடு வாசித்தார். இரண்டாவது வரியில் வேகம் குறைந்தது. கடைசி வரியில் நின்றுவிட்டார்.

மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இந்தத் தடவை சத்தமில்லாமல்.

சடைச்சியம்மை அவரைப் பார்க்கவில்லை. கேழ்வரகில் ஒரு கல்லைப் பொறுக்கித் தூர எறிந்தாள்.

அம்பலவாணர் ஓலையை மடியில் செருகிக்கொண்டு இறங்கினார். செருப்பை மாட்டிக்கொள்ளவில்லை.

அவர் கோட்டைக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. பாளையக்காரர் வாசலிலேயே நின்றார்.

"பிள்ளை, அம்மை தலையாட்டினாளா?"

அவர் ஓலையை நீட்டினார்.

பாளையக்காரர் படித்தார். படிக்கப் படிக்க மீசை துடித்தது.

"மதிலை உசத்துறான். குதிரை சேக்கிறான். அந்நியனை உள்ளே விடலை. படகை எல்லாம் இழுத்துக்கிட்டான்! நாசமாப் போறவன், நாளைக்கே பாஞ்சிருவான் போலிருக்கே! எந்த ஊர் ஓலைவே இது?"

"நம்ம ஊர்தான், மகாராஜா."

பாளையக்காரர் ஓலையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

பிறகு இடுப்பிலிருந்த கொட்டடிச் சாவியை அவிழ்த்து அம்பலவாணரிடம் கொடுத்தார்.

தூதன் பெயர் ஆதிநாதன். அவனும் வயதானவன்தான். கொட்டடியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்ததும் எழுந்து, மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். வெட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான்.

அம்பலவாணர் அவன் கட்டை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"நீர் எதுக்கு வந்தீர்? சமாதானம் பேசவா?"

"அது அப்புறம், ஐயா. முதல்ல ஒண்ணைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"என்னத்தை?"

"துறையில இருந்த படகையெல்லாம் ஏன் கரையேத்தினீங்கன்னு. அந்தச் சேதி வந்த அன்னைக்கு எங்க கோட்டையில யாரும் சோறு திங்கலை. நான் வாசல்லயே கேட்டேன். கேட்ட வாய் மூடலை, கட்டிட்டாங்க."

அம்பலவாணர் அவிழ்த்த கயிற்றைக் கீழே போட்டார்.

"குங்கிலியம் பூச," என்றார்.

ஆதிநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயா, உங்களைக் கும்பிடுறேன். இதை நான் போய்ச் சொன்னா எங்க தானாபதி என் மூஞ்சியில துப்புவார். வேற ஏதாவது நம்புற மாதிரி சொல்லுங்க."

அம்பலவாணர் குனிந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"வாரும். துறைக்கு வந்து மோந்து பாரும்."