சாண் சாணாக நகர்ந்த நாற்காலி

"அம்மா, நம்ம மடத்துல ஒரு கள்ளன் இருக்கான்."

தாணுமாலயன் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் மரகதத்தம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

"எதைக் கொண்டு போனான்?"

"இன்னும் கொண்டு போகல்ல. கொண்டு போயிட்டிருக்கான்."

முற்றத்துச் சிமெண்டுத் தளத்தில் இரண்டு இரும்பு நாற்காலிகள். கிழக்கு ஓரம் ஒன்று, மேற்கு ஓரம் ஒன்று. வெள்ளிக்கு வெள்ளி இரண்டும் நடுப்பக்கமாக ஒரு சாண் நகர்ந்துவிடுகின்றன. தாணு சாக்பீஸால் வட்டம் போட்டே பார்த்துவிட்டார்.

"காத்தா இருக்கும், அண்ணாச்சி."

"காத்து ரெண்டையும் எதிரும் புதிருமாவா தள்ளும்?"

"யார் மேல சந்தேகம்?"

"எல்லார் மேலயும்."

"என் மேல?"

கொஞ்சம் யோசித்தார்.

"இப்போதைக்கு இல்ல."

அம்மை சிரித்தாள்.

"வெள்ளிக்கிழமை செண்பகராமனும் அவர் தம்பி குற்றாலமும்தானே வாறாங்க?"

"அவங்கள விடுங்க. கிணத்துத் தகராறுல பன்னெண்டு வருஷமாப் பேச்சில்ல. ஆளுக்கொரு ஓரமா கண்ணை மூடி உக்காந்துட்டுப் போறாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எப்படிப் பாக்க? வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கேன்லா. பேசாம தரையோட போல்ட் அடிச்சிரட்டுமா?"

அம்மை வாய் திறக்குமுன் அவர் துளைபோடும் மெஷினைத் தேடிப் போய்விட்டார்.

நாற்காலிகளைப் பழைய ஓரத்துக்கே இழுத்தார். நூல் பிடித்தார். தளத்தில் துளையிட்டு, காலுக்கு ஒரு போல்ட் இறக்கி, நட்டை முறுக்கினார்.

"இனி யானை வந்தாலும் நடக்காது."

வெள்ளிக்கிழமை நிம்மதியாக அவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அண்ணனும் தம்பியும் வழக்கம்போல் யாரையும் பாராமல் வந்து அமர்ந்தார்கள்.

கண்ணை மூடியபடியே செண்பகராமன் காலை ஊன்றி நாற்காலியை முன்னே தள்ளினார். சத்தம் வராமல், மெல்ல.

அது அசையவில்லை.

கண்ணைத் திறந்தார். போல்ட்டைப் பார்த்தார். எதிர் ஓரத்தில் தம்பியைப் பார்த்தார்.

"பழைய இடத்துலயே கொண்டு போயிப் பூட்டியாச்சா," என்று தூணிடம் சொன்னார். "சரி. தம்பி மனசு இவ்வளவுதான்."

துண்டை உதறி எழுந்து நடந்தார்.

குற்றாலத்தின் பாதங்கள் தரையில் அழுந்தியிருந்ததைத் தாணு அப்போதுதான் கண்டார். அவரும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா... கழட்டிரட்டுமா?"

"அடிக்கும்போது என் பதிலுக்கு நின்னீங்களா?"

தாணு ஓடிப்போய் ஸ்பேனருடன் வந்தார். குற்றாலம் அதைப் பிடுங்கிக்கொண்டு அண்ணனின் நாற்காலி அருகே மண்டியிட்டார்.

பலங்கொண்ட மட்டும் திருகினார். நட்டு இன்னும் இறுகியது.

மறுபடியும் திருகினார்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த செண்பகராமன் திரும்பி, பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"எலேய், இடப்பக்கமாத் திருப்புல!"