தொபியாசுக்குள் புகாத பிசாசு

மதில் சூழ்ந்த ஊர்களும் மணியோசை கேட்கும் மடங்களும் நிறைந்த மேற்குச் சீமையில், வெகு காலத்துக்கு முன்னே, தொபியாஸ் என்றொரு ஓடக்காரன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் மீன்பிடிக்கிற சீமோனுக்கும் அவனுக்கும் பத்து வருஷப் பகை.

ஒரு வெள்ளத்தில் சீமோனின் தோணி கவிழ்ந்தது. "தொபியாஸ்!" என்று மூன்று முறை கூப்பிட்டான். அருகே ஓடத்தில் போன தொபியாசின் காதில் அது விழுந்தது; ஆனாலும் திரும்பாமல் துடுப்புப் போட்டான்.

சீமோன் ஒரு மரவேரைப் பிடித்துப் பிழைத்தான். கால் மட்டும் முறிந்தது. செய்தி ஊரெல்லாம் பரவியது.

"இவனுக்குள் பிசாசு புகுந்துவிட்டது!" என்றார்கள் ஊரார். தொபியாசைக் கோயில் முற்றத்தில் கட்டிவைத்தார்கள். முதல் நாள் தூபம் போட்டார்கள். இரண்டாம் நாள் தீர்த்தம் தெளித்தார்கள். மூன்றாம் நாள் காது கிழிய மணியடித்தார்கள். ஒன்றும் வெளியே வரவில்லை.

"நாளைக்கும் போகாவிட்டால் பிசாசோடு சேர்த்து இவனையும் எரித்துவிடுவோம்" என்றான் ஊர்த்தலைவன்.

அவ்வேளை மடத்துத் தலைவி கிளாரா அம்மையார் அவ்வழி வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவனருகே உட்கார்ந்தார்.

"துடுப்புப் போட்ட கை தீயதா, தொபியாஸ்?"

"இல்லை அம்மா, கடவுள் கொடுத்த கை."

"கூக்குரலைக் கேட்ட காது?"

"அதுவும் அவர் கொடுத்ததுதான்."

"உன் உயிர்மேல் நீ வைத்த ஆசை?"

"அதுவும்தான் அம்மா."

"பிறகு தீமை எங்கே?"

பழியைப் பிசாசின் தலையில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். மனம் வரவில்லை.

"எனக்குள் எதுவும் புகவில்லை அம்மா," என்று அழுதான். "வரவேண்டிய இரக்கம் வரவில்லை. நீளவேண்டிய கை நீளவில்லை. அவ்வளவுதான்."

அம்மையார் ஊராரைப் பார்த்தார். "இல்லாத ஒன்றை எப்படி ஐயா விரட்டுவீர்கள்? படகை எரித்தால் அதன் ஓட்டை அடைபடுமா?"

ஊர்த்தலைவனே வந்து கட்டை அவிழ்த்தான்.

தொபியாஸ் நேரே சீமோன் வீட்டுக்குப் போனான். காலில் கட்டுப்போட்டுக் கிடந்த சீமோன் அவனை வெறித்துப் பார்த்தான்.

"கூப்பிட்டேனே, கேட்கவில்லையா?"

"கேட்டது."

சீமோன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வலை ஈரத்தோடு கிடந்து மக்குகிறது. எடுத்துக் காயப்போடு" என்றான்.

தொபியாசின் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. வலையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினான். சீமோன் எழுந்து நடக்கும்வரை தினமும் இருவருக்குமாக அவனே மீன் பிடித்தான்.

கேட்டவர்களே, மனத்தில் வையுங்கள்: தீமை என்பது வெளியிலிருந்து வந்து குடியேறும் பொருளன்று, இருக்கவேண்டிய நன்மை இல்லாமற்போன வெற்றிடமே; அதை நன்மையால்தான் நிரப்ப முடியும்.